வெற்றோட்டத்தில் பொறி நிற்றல்

வெற்றோட்டத்தில் பொறி நிற்றல் என்பது, தானுந்து ஒன்றின் உள் எரி பொறி, ஓட்டுநர் முடுக்கி மிதியை (ஆக்சிலரேட்டர்) அழுத்தாத நிலையில் தானாகவே ஓய்ந்துவிடும் கோளாறு ஆகும். சாலைச் சந்திப்பில் சைகை விளக்குக்காகக் காத்திருக்கும்போதும், வேகத்தைக் குறைத்துத் திரும்பும்போதும், காலையில் முதன்முதலாகப் பொறியை இயக்கும்போதும் இது பெரும்பாலும் நிகழ்கிறது. பட்டறைகளில் இது "ஐடிலிங் நிற்கவில்லை", "வண்டி ஆஃப் ஆகிறது" என்ற சொற்களால் குறிக்கப்படுகிறது.

கார்புரேட்டர் பொருத்தப்பட்ட பழைய பெட்ரோல் வண்டிகளில் இக்கோளாறு மிகுதியாகக் காணப்படும். இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய இந்துஸ்தான் அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800 ஆகியவற்றின் கார்புரேட்டர் பதிப்புகள் இதற்கு எடுத்துக்காட்டுகள். இக்கட்டுரை முதன்மையாக இவ்வகை வண்டிகளில் கோளாற்றைக் கண்டறியும் முறையை விளக்குகிறது.

வெற்றோட்டம்

பொறி எவ்விதப் பயனுள்ள சுமையையும் இழுக்காமல், தன் உராய்வையும் மின்னாக்கி, நீரேற்றி போன்ற துணை உறுப்புகளையும் மட்டும் சமாளித்துக்கொண்டு ஓடும் நிலை வெற்றோட்டம் (ஐடிலிங்) எனப்படும். பெரும்பாலான பெட்ரோல் தானுந்துகளில் வெற்றோட்ட வேகம் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்றுகள் வரை இருக்கும்.

வெற்றோட்டத்தில் கார்புரேட்டரின் த்ராட்டில் தகடு ஏறக்குறைய முற்றிலும் மூடியிருக்கும். உருளைகள் காற்றை உறிஞ்ச முயல்வதால், தகட்டுக்குக் கீழே உள்ள உள்ளிழு குழாய்த்தொகுதியில் (இன்டேக் மேனிபோல்டு) வலிமையான வெற்றிடம் உருவாகிறது. நல்ல நிலையில் உள்ள பொறியில், கடல் மட்டத்தில், இவ்வெற்றிடம் பாதரச அளவில் 17 முதல் 21 அங்குலம் வரை இருக்கும்.

அதே வேளையில், கார்புரேட்டரின் குறுகிய கழுத்து வழியே செல்லும் காற்று மிக மெதுவாகச் செல்வதால், முதன்மை ஜெட் வழியாகப் பெட்ரோலை இழுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. எனவே பெரும்பாலான கார்புரேட்டர்களில் வெற்றோட்டத்துக்கெனத் தனிப் பாதை ஒன்று உண்டு. மிதவைக் கிண்ணத்திலிருந்து மிகச் சிறிய துளை கொண்ட வெற்றோட்ட ஜெட் (ஸ்லோ ஜெட்) வழியாக வரும் பெட்ரோல், சிறிது காற்றுடன் கலந்து, த்ராட்டில் தகட்டுக்குக் கீழே உள்ள துளையின் வழியே வெளிப்படுகிறது. இக்கலவையின் அளவைக் கலவைத் திருகும், தகடு எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதை வேகத் திருகும் கட்டுப்படுத்துகின்றன.

வெற்றோட்டத்தில் மட்டும் கோளாறு தோன்றுவது ஏன்

நெடுஞ்சாலையில் குறையின்றி ஓடும் வண்டி, நிறுத்தத்தில் மட்டும் ஓய்ந்துவிடுவது பலருக்கும் புதிராகத் தோன்றும். இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, சுழலும் உறுப்புகளில் சேமிக்கப்படும் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. நிமிடத்துக்கு 850 சுற்றில் ஓடும் பொறியின் சமன்சக்கரம் (பிளைவீல்), 4000 சுற்றில் கொண்டிருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 22-இல் ஒரு பங்கையே கொண்டிருக்கும். ஓரிரு முறை எரிதல் தவறினாலும், அடுத்த அமுக்க வீச்சைத் தாண்டப் போதிய உந்தம் இராது.

இரண்டாவது, நான்கு வீச்சுப் பொறியில் ஒரு வீச்சுக்கு 850 சுற்றில் ஏறத்தாழ 35 மில்லிநொடி ஆகிறது. 4000 சுற்றில் 7.5 மில்லிநொடியே ஆகிறது. சரியாக மூடாத வால்வின் வழியே அமுக்கம் கசிந்து வெளியேற வெற்றோட்டத்தில் மிகுதியான நேரம் கிடைக்கிறது.

மூன்றாவது, வெற்றோட்டத்தில் பொறி உட்கொள்ளும் காற்றின் அளவு மிகக் குறைவு. ஆகவே சிறு கசிவும் பெரும் விளைவை உண்டாக்கும். மாருதி 800-இன் 796 கன செ.மீ. பொறியை எடுத்துக்கொள்ளலாம். 850 சுற்றில் உருளைகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 338 லிட்டர் கொள்ளளவை உறிஞ்சுகின்றன. குழாய்த்தொகுதியின் அழுத்தம் வளியழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே என்பதால், உண்மையில் உட்செல்லும் வெளிக்காற்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 115 லிட்டர்தான். இந்நிலையில் ரப்பர் குழாய் ஒன்றில் 2 மி.மீ. விட்டமுள்ள ஓட்டை இருந்தால், அதன் வழியே நிமிடத்துக்கு ஏறத்தாழ 25 முதல் 30 லிட்டர் காற்று கூடுதலாக நுழையும். எரிபொருளின் அளவு மாறாதிருக்க, நிறை அடிப்படையில் 14.7-க்கு 1 என்றிருந்த காற்று–பெட்ரோல் விகிதம் 18-க்கு 1 என்ற அளவுக்கு மெலிந்துவிடுகிறது. இவ்வளவு மெலிந்த கலவை வெற்றோட்டத்தில் சீராகப் பற்றாது. த்ராட்டில் முழுதும் திறந்து வண்டி விரையும்போதோ, பொறி நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டருக்கும் மேல் காற்றை உட்கொள்கிறது. வெற்றிடமும் ஏறக்குறைய மறைந்துவிடுவதால் அதே ஓட்டை பொருட்படுத்தத்தக்கதாக இருப்பதில்லை.

காரணங்கள்

காற்றுக் கசிவு

பழைய வண்டிகளில் முதலில் ஐயுற வேண்டியது இதுவே. வெப்பத்தால் ரப்பர் குழாய்கள் இறுகி வெடிக்கின்றன. கார்புரேட்டரின் அடியில் உள்ள கேஸ்கட், குழாய்த்தொகுதிக் கேஸ்கட், த்ராட்டில் தண்டு தேய்ந்து உண்டாகும் இடைவெளி, பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் குழாய், கிராங்குப் பெட்டியின் வளிமங்களை மீண்டும் பொறிக்குள் செலுத்தும் பி.சி.வி. வால்வு ஆகியன கசிவு ஏற்படும் இடங்கள்.

எரிபொருள் குறைபாடுகள்

வெற்றோட்ட ஜெட்டின் துளை மிகச் சிறிது என்பதால், தொட்டியிலிருந்து வரும் துருத்துகளோ, நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியில் பெட்ரோல் ஆவியானபின் தங்கும் பிசினோ அதை எளிதில் அடைத்துவிடும். பல கார்புரேட்டர்களில், சாவியை அணைத்ததும் வெற்றோட்டப் பாதையை மூடும் மின்காந்த வால்வு (சாலினாய்டு) உள்ளது. அதன் மின்கம்பி கழன்றிருந்தாலே வெற்றோட்டம் முற்றிலும் இல்லாமற் போகும். மிதவைக் கிண்ணத்தின் ஊசி வால்வு தேய்ந்தாலோ, மிதவையில் ஓட்டை விழுந்தாலோ பெட்ரோல் மட்டம் உயர்ந்து, கலவை அளவுக்கு மீறிச் செறிவாகிப் பொறி மூச்சுத் திணறி நிற்கும். மூடிய நிலையில் சிக்கிக்கொண்ட சோக்கும், அழுக்கடைந்த காற்று வடிகட்டியும் இதே விளைவைத் தரும்.

எரிபற்றல் குறைபாடுகள்

பாயிண்ட் வகை டிஸ்ட்ரிபியூட்டர் கொண்ட வண்டிகளில் பாயிண்ட் இடைவெளி முதன்மையானது. அம்பாசிடர் போன்ற வண்டிகளில் இது 0.35 முதல் 0.40 மி.மீ. வரை அமையும். தேய்ந்த பாயிண்ட், பழுதான கண்டென்சர், வெடித்த உயர் மின்னழுத்தக் கம்பி, கரி படிந்த ஸ்பார்க் பிளக், தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு ஆகியன தீப்பொறியை வலுவிழக்கச் செய்யும். அல்லது அது தோன்றும் நேரத்தை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றும்.

இயந்திரக் குறைபாடுகள்

வால்வு இடைவெளி மிகக் குறைந்திருந்தால் வால்வு முழுமையாக மூடாது. எரிந்த வால்வு, தேய்ந்த பிஸ்டன் வளையம், இரு உருளைகளுக்கிடையே எரிந்துபோன தலைக் கேஸ்கட் ஆகியனவும் வெற்றோட்டத்தைக் குலைக்கும். இவற்றைத் திருகுகளைச் சரிசெய்வதால் தீர்க்க இயலாது.

நிற்கும் தருணமும் ஐயத்துக்குரிய உறுப்பும்

பொறி எப்போது நிற்கிறது என்பதை உற்றுநோக்கினால் தேடலின் எல்லை வெகுவாகக் குறையும்.

- குளிர்ந்த நிலையில் மட்டும்: சோக் மூடாமை, மெலிந்த கலவை.
- சூடேறிய பின் மட்டும்: சோக் திறவாமை, உயர்ந்த மிதவை மட்டம், பெட்ரோல் கொதித்தல், சூட்டில் பழுதாகும் காயில் அல்லது கண்டென்சர்.
- பிரேக் மிதியை அழுத்தும்போது: பிரேக் பூஸ்டரின் டயபிரம் கிழிந்திருத்தல்.
- சடுதியாக நிறுத்தும்போது அல்லது வளைவில் திரும்பும்போது: மிதவை மட்டம் பிழையாயிருத்தல்.
- குளிரூட்டியை இயக்கும்போது: வெற்றோட்ட வேகத்தை உயர்த்தும் துணைக்கருவி செயற்படாமை.
- முகப்பு விளக்கை ஏற்றும்போது: வேகம் மிகக் குறைவாக வைக்கப்பட்டிருத்தல், மின்னூட்டக் குறைவு.
- மழைநாளில் மட்டும்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் விரிசல், கம்பிகளில் மின்கசிவு.
- மலை ஏறிய பின்: காற்றின் அடர்த்தி குறைவதால் கலவை செறிவாதல். 2240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதிகள் 40 பாகை செல்சியசுக்கு அண்மையிலேயே கொதிக்கத் தொடங்குகின்றன. ஆதலால் கோடையில் போக்குவரத்து நெரிசலில் நிற்கும் பழைய வண்டிகளில் பெட்ரோல் பம்பிலும் குழாயிலும் ஆவிக்குமிழ்கள் தோன்றி ஓட்டத்தைத் தடுப்பதுண்டு. அம்பாசிடர், பத்மினி ஓட்டுநர்கள் பம்பின் மீது ஈரத்துணியைச் சுற்றும் வழக்கம் இதனால் ஏற்பட்டதே.

கண்டறியும் முறை

எளிதானதும் செலவற்றதுமான சோதனையில் தொடங்கி, கடினமானதற்குச் செல்வது முறையாகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால், கோளாறு நீங்கினாலும் எதனால் நீங்கியது என்பது தெரியாது. கார்புரேட்டரை முதலிலேயே கழற்றுவது பரவலான தவறாகும். வெடித்த குழாய் ஒன்றுக்காக, நன்றாக இருந்த கார்புரேட்டர் பலமுறை பிரிக்கப்படுவதுண்டு.

1. காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சோக் தகடு குளிரில் மூடுகிறதா, சூடேறியபின் முழுதும் திறக்கிறதா எனக் கவனிக்க வேண்டும்.

2. பொறி ஓடும்போது "உஸ்" என்ற ஒலி வருகிறதா எனக் கேட்க வேண்டும். குழாய்த்தொகுதியில் இணைந்துள்ள ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் நெரிக்க வேண்டும். எக்குழாயை நெரிக்கும்போது ஓட்டம் சீராகிறதோ அதன் வழியில் கசிவு உள்ளது.

3. பூஸ்டரைச் சோதிக்க, பொறியை அணைத்துவிட்டுப் பிரேக் மிதியை நான்கைந்து முறை அழுத்தி, அழுத்திய நிலையிலேயே பொறியை இயக்க வேண்டும். மிதி சிறிது கீழே இறங்கினால் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்கிறது என்று பொருள். அதன்பின் மிதியை அழுத்திப் பிடிக்கையில் பொறி தடுமாறினால் டயபிரம் கசிகிறது.

4. வெற்றோட்ட சாலினாய்டு உள்ள வண்டிகளில், பொறியை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால் "டிக்" என்ற ஒலி கேட்க வேண்டும். ஒலி இல்லையேல் அதன் மின்னிணைப்பைச் சோதிக்க வேண்டும்.

5. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி நிறத்தை நோக்க வேண்டும். இளம்பழுப்பு நிறம் நல்ல எரிதலைக் குறிக்கும். உலர்ந்த கரி செறிந்த கலவையையும், வெண்மை மெலிந்த கலவையையும், எண்ணெய்ப் பசை தேய்ந்த வளையத்தையோ வால்வு வழிகாட்டியையோ குறிக்கும்.

6. பாயிண்ட் இடைவெளியையும் எரிபற்றல் நேரத்தையும் வண்டியின் கையேட்டில் உள்ளவாறு அமைக்க வேண்டும். பாயிண்ட் இடைவெளி மாறினால் நேரமும் மாறும் என்பதால், இடைவெளியை முதலிலும் நேரத்தைப் பின்னரும் சரிசெய்தல் வேண்டும்.

7. வெற்றிடமானி இருப்பின் அதன் முள்ளைக் கவனிக்கலாம். உயர்ந்து நிலையாக நிற்பது நலம். தாழ்ந்து நிலையாக நின்றால் கசிவோ பிந்திய எரிபற்றலோ காரணமாகலாம். ஒரே சீரான இடைவெளியில் முள் துடித்தால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை எனக் கருதலாம்.

8. மேற்கூறியவற்றால் பயன் இல்லையெனில், வால்வு இடைவெளியையும் உருளைகளின் அமுக்கத்தையும் அளக்க வேண்டும். உருளைகளுக்கிடையே 10 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருப்பின், கோளாறு பொறியின் உள்ளேயே இருக்கலாம்.

9. கசிவும் எரிபற்றலும் அமுக்கமும் சரியாக உள்ளன என உறுதியான பின்னரே கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டுகளைத் துப்புரவாக்கி, மிதவை மட்டத்தை அமைக்க வேண்டும். ஜெட்டுகளைக் காற்றழுத்தத்தால் ஊதலாம். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும்.

கலவையைச் சரிசெய்தல்

கலவைத் திருகைத் தொடுமுன் பொறி இயல்பான வெப்பநிலையை அடைந்திருக்க வேண்டும். சோக் முழுதும் திறந்திருக்க வேண்டும்.

தனி வெற்றோட்டப் பாதை உள்ள கார்புரேட்டர்களில், கலவைத் திருகைப் பொறி தடுமாறும் வரை மெதுவாக உள்ளே திருப்பி, பின்னர் வேகம் உச்சத்தை எட்டும் வரை வெளியே திருப்ப வேண்டும். அதன்பின் வேகத் திருகால் உரிய வேகத்துக்குக் குறைக்க வேண்டும். இவ்விரண்டையும் மாறி மாறி இரண்டு மூன்று முறை செய்தால் சரியான நிலை கிட்டும். திருகை உள்ளே இறுக்கி முறுக்கினால் அதன் கூர்முனை கெட்டுவிடும். திருகை எவ்வளவு திருப்பினாலும் வேகத்தில் மாற்றமே இல்லையெனில், வெற்றோட்டப் பாதை அடைபட்டிருக்கிறது, அல்லது பெட்ரோல் வேறு வழியே மிகுதியாக வருகிறது.

அம்பாசிடர் வண்டிகள் பலவற்றில் இருந்த எஸ்.யு. வகைக் கார்புரேட்டரில் தனி வெற்றோட்ட ஜெட் இல்லை. காற்றின் அளவுக்கேற்ப ஏறி இறங்கும் பிஸ்டனும், அதனுடன் இணைந்த கூம்பு ஊசியும் ஒரே ஜெட்டின் வழியே எல்லா வேகங்களுக்கும் எரிபொருளை அளந்து தருகின்றன. இதில் கலவையைச் சோதிக்க எளிய வழி உண்டு. பக்கவாட்டில் உள்ள சிறு ஊசியால் பிஸ்டனை ஏறத்தாழ 0.8 மி.மீ. உயர்த்த வேண்டும். வேகம் கணநேரம் உயர்ந்து பழைய நிலைக்குத் திரும்பினால் கலவை சரி. உயர்ந்த வேகம் நீடித்தால் கலவை செறிவு. வேகம் குறைந்தாலோ பொறி நின்றாலோ கலவை மெலிவு. அழுக்கால் பிஸ்டன் சிக்கிக்கொள்வதும் இவ்வகையில் அடிக்கடி காணப்படும் குறையாகும். பிஸ்டனைக் கையால் உயர்த்தி விட்டால், அது தடையின்றி இறங்கி "டொக்" என்ற ஒலியுடன் அமர வேண்டும்.

கோளாற்றை நீக்காமல் வேகத் திருகை மட்டும் உயர்த்துவது தற்காலிக மறைப்பாகும். இதனால் பெட்ரோல் வீணாவதோடு, சாவியை அணைத்த பின்னும் பொறி சிறிது நேரம் உதறிக்கொண்டு ஓடக்கூடும்.

எரிபொருள் செலுத்தும் வண்டிகள்

மாசுக் கட்டுப்பாடுகள் கடுமையானதைத் தொடர்ந்து, இந்தியாவில் 2000-களின் தொடக்கத்தில் புதிய தானுந்துகளில் கார்புரேட்டரின் இடத்தை மின்னணு எரிபொருள் செலுத்தும் முறை (எம்.பி.எஃப்.ஐ.) பிடித்தது. இவ்வண்டிகளுள் பலவும் இன்று பழையனவாகிவிட்டன. இவற்றில் வெற்றோட்ட வேகத்தைக் கணினி, காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒன்றின் வாயிலாகப் பேணுகிறது. அவ்வால்விலும் த்ராட்டில் தகட்டின் விளிம்பிலும் கரி படிதலே வெற்றோட்டக் கோளாற்றுக்கு முதற்காரணம். குளிர்நீர் வெப்ப உணரி பிழையான அளவைத் தருதல், குழாய்த்தொகுதி அழுத்த உணரியின் குழாய் கழலுதல், காற்றுக் கசிவு ஆகியன ஏனைய காரணங்கள். கணினியில் பதிவாகியிருக்கும் பிழைக்குறிகளைப் படித்தறிவது தேடலைச் சுருக்கும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலக்கும் அளவு 2022-இல் 10 விழுக்காட்டையும், 2025-இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிசன் இருப்பதால் அதற்குக் குறைந்த காற்றே போதும். தூய பெட்ரோலுக்கு 14.7-க்கு 1 என்றிருக்கும் விகிதம், 20 விழுக்காடு எத்தனால் கலந்ததற்கு ஏறத்தாழ 13.5-க்கு 1 ஆகும். மின்னணு முறை வண்டிகளில் ஆக்சிசன் உணரி இருப்பின், கணினி இதைத் தானே ஓரளவு ஈடுசெய்யும். கார்புரேட்டருக்கு அவ்வறிவு இல்லை. தூய பெட்ரோலுக்கு அமைத்த கார்புரேட்டர் புதிய எரிபொருளில் ஏறத்தாழ 8 விழுக்காடு மெலிந்த கலவையைத் தருகிறது. முன்பே மெலிவின் விளிம்பில் இருந்த பொறி இதனால் வெற்றோட்டத்தில் நிற்கத் தொடங்கலாம்; கலவையை மீண்டும் சரிசெய்தால் பெரும்பாலும் தீரும்.

எத்தனால் பழைய வகை ரப்பர் குழாய்களையும் டயபிரம்களையும் கெடுக்கவல்லது, ஈரத்தையும் ஈர்க்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். எனவே நெடுநாள் ஓட்டாத பழைய வண்டிகளில் எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் பொருத்துவதும், பழைய பெட்ரோலை வடித்துவிடுவதும் நலம்.

பாதுகாப்பு

ஓடும் வண்டியில் பொறி நின்றால், பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைப்பது நின்றுவிடும். பூஸ்டரில் எஞ்சியுள்ள வெற்றிடம் ஓரிரு முறை பிரேக்கை அழுத்த மட்டுமே உதவும். ஆகவே மிதியை விட்டு விட்டு அழுத்தாமல், ஒரே சீராக அழுத்தி வண்டியை ஓரங்கட்ட வேண்டும். பூஸ்டர் உதவி தீர்ந்த பின்னும் பிரேக் செயற்படும். ஆயினும் மிகுந்த வலிமையுடன் மிதிக்க வேண்டியிருக்கும். வேகத்தைக் குறைத்துக் கடக்கும் தொடர்வண்டிப் பாதைக் கடவை, இக்கோளாறு பேரிடராக மாறக்கூடிய இடமாகும். அங்கு பொறி நின்று மீண்டும் இயங்க மறுத்தால், முதலில் பயணிகள் அனைவரும் இறங்கித் தண்டவாளத்தை விட்டு விலக வேண்டும். தொடர்வண்டி வரும் அறிகுறி இல்லாதபோது மட்டும் வண்டியைத் தள்ள முயலலாம். பற்சக்கர மாற்றி கையால் இயக்கப்படும் பழைய வண்டிகளை, முதற் பற்சக்கரத்தில் இட்டுச் சாவியைத் திருப்பி, தொடக்கி மோட்டாரின் ஆற்றலால் சில மீட்டர் நகர்த்த இயலும்.

பழுது பார்க்கையில் பின்வருவன கருத்திற்கொள்ளத் தக்கவை:

- மூடிய கொட்டகையில் பொறியை ஓடவிடக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. அது சிறிது நேரத்தில் உயிரைப் பறிக்கும். செறிந்த கலவையில் ஓடும் பொறி இவ்வளிமத்தை மிகுதியாக வெளியிடும்.
- கசிவைக் கண்டறியப் பெட்ரோலையோ எளிதில் தீப்பற்றும் தெளிப்பானையோ சூடான பொறியின் மீது தெளிப்பது தீவிபத்துக்கு வழிவகுக்கும்.
- சுழலும் விசிறியிலும் பட்டையிலும் தளர்ந்த ஆடை, துண்டு, தாவணி முதலியன சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.
- பிரேக் பூஸ்டரில் கசிவு இருப்பது உறுதியானால், அதைச் சீராக்கும் வரை வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது.

இவற்றையும் பார்க்க

- உள் எரி பொறி
- கார்புரேட்டர்
- ஸ்பார்க் பிளக்
- எத்தனால் எரிபொருள்
- கார்பன் மோனாக்சைடு நச்சேற்றம்